பழைய தேக்கு அலமாரியும் கை எட்டாத திருகாணிகளும்

ரங்கூனில் வீடு மாற்றப் போகிறவர்கள் யாரிடமாவது பழைய தேக்கு அலமாரி இருந்தால், அதில் கை வைப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. என் கணவர் மலேசியாவில் வேலையில் இருக்கிறார். எல்லாம் தெரிந்த மாமனார் காலமாகிவிட்டார். அலமாரியை மோல்மீனில் செய்தார்கள் என்பதைத் தவிர, எந்த ஆசாரி செய்தார், எப்படிப் பூட்டினார் என்பது அத்தைக்கும் தெரியாது. நானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டேன். அதற்குள் பணமும் போனது, மரத்திலும் ஒரு காயம் விழுந்தது. அடுத்தவருக்கு அது நடக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தது அனோரதா சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், நாலாவது மாடி. ரங்கூன் நகரத்து மாடிப்படி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். செங்குத்தாக ஏறும், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அலமாரியோ ஏழடி உயரம், நாலடி அகலம். மேலே முன்பக்கம் வளைந்து நிற்கும் மகுடப் பட்டை, நடுவில் இரண்டு கதவு, அதன் கீழே இழுப்பறைகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பீடம். வெள்ளைக்காரன் காலத்தில் தேக்கை வெளிநாட்டுக்குக் கப்பல் ஏற்றிய துறைமுகம் மோல்மீன். அங்கிருந்து வந்த பழைய சாமான்களைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்த மரத்தின் கனமும் தெரியும். மாமனார் இதைத் தனித்தனிப் பாகமாகக் கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றி, அறைக்குள் வைத்தே பூட்டினாராம். அதாவது முழு அலமாரியாக இது அந்த வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. வெளியே போக வேண்டுமானாலும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

வீட்டை விற்கப் போவதாக வீட்டுச் சொந்தக்காரர் சொன்னது வெயில் காலத்தில். புத்த நோன்பு தொடங்கும் வாசோ மாதம் பிறந்துவிட்டால் பர்மாக்காரர்கள் மூன்று மாதத்துக்கு வீடு மாற மாட்டார்கள், நமக்கும் அதையொட்டி ஆடி வந்துவிடும். அதனால் மழைக்கு முன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் சாமான் ஏற்ற நிற்பார்கள். ஆள் கிடைப்பதே கஷ்டம், கிடைத்த ஆளுக்கும் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரம். எங்களுக்கு வந்தவர்களும் அப்படித்தான். அதில் ஒரு பையன் மின்சாரத் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, "அமா (அக்கா), அஞ்சு நிமிஷ வேலை" என்றான். கதவுக் கீல்களை நிஜமாகவே ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டான். அப்புறம் மகுடப் பட்டையைப் பிடித்திருக்கும் திருகாணிகளுக்கு வந்தான். அவை அலமாரிக்குள்ளே, மேல் மூலையில், மேல் நோக்கி முடுக்கப்பட்டவை. கருவியை நேராக வைக்க அங்கே இடம் இல்லை. அவன் சாய்த்து வைத்து அழுத்தினான். முதல் திருகாணியின் தலை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. இரண்டாவதில் முனை வழுக்கி, பக்கப் பலகையில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறி மரத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. மூன்றாவதில் தலையே முறிந்து கீழே விழுந்தது.

நான் கத்திவிட்டேன். அத்தை ஒன்றும் பேசாமல் அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குப் போய் அழுதேன். வேலையை நிறுத்தச் சொன்னதால் முன்பணமாகக் கொடுத்த அறுபதாயிரம் 'சட்' பர்மாப் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள். பாலிஷ் போடுகிறவரை அழைத்துக் காட்டினால், கீறலை அடைத்து அந்தப் பலகை முழுவதற்கும் மறுபடி பாலிஷ் ஏற்ற ஒன்றரை லட்சம் கேட்டார். அதைவிட, மீதி இருபதுக்கும் மேற்பட்ட திருகாணிகள் இன்னும் உள்ளேயே இருந்தன. வீட்டைக் காலி செய்ய வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவன் வழக்கமாகக் கழற்றுவது கடையில் வாங்கும் பலகை அலமாரிகள். அவற்றின் இரும்புத் திருகாணி அவ்வளவு அடியையும் தாங்கும். எங்கள் அலமாரியில் இருந்தது பித்தளை. தலையில் ஒரே ஒரு நேர்வெட்டு உள்ள பழைய மாதிரி. நட்சத்திரம் மாதிரி குறுக்குவெட்டு உள்ள பிலிப்ஸ் திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னால் செய்த சாமான்களிலும், பின்னால் பழைய முறையில் செய்தவற்றிலும் நேர்வெட்டுத்தான் இருக்கும். பித்தளை மிருதுவான உலோகம். திருப்புளி கொஞ்சம் சாய்ந்தாலும், வெட்டுக்குள் கொஞ்சம் ஆடினாலும், வெட்டின் விளிம்பு மடிந்து போய்விடும். ஒரு முறை மடிந்தால் அடுத்த முறை பிடிக்க ஒன்றும் இருக்காது. ஆகவே திருகாணியைச் சுற்றுவதற்கு முன்னால் மூன்று விஷயம் அமைய வேண்டும்: முனை வெட்டுக்குள் ஆடாமல் உட்கார வேண்டும், திருப்புளி திருகாணிக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும், சுற்றுகிற விசையைவிட அழுத்துகிற விசை கூடுதலாக இருக்க வேண்டும். இடுக்கில் இருக்கும் திருகாணிகளில் கடைசி இரண்டையும் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் முழு வேலையே.

முதலில் நான் செய்தது, எதையும் தொடாமல் பார்த்ததுதான். தலையை உள்ளே நுழைக்க முடியாத இடத்தில் கைபேசியின் முன்பக்கக் காமிராவைத் திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டுப் படம் எடுத்தேன். ஒரு டார்ச்சும் பவுடர் டப்பாக் கண்ணாடியும் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் நான் நினைத்ததைவிட அதிகத் திருகாணிகள் இருப்பது தெரிந்தது. சில இழுப்பறைக்குப் பின்னால் இருந்தன. சிலவற்றின் மேல் வட்டமாக மரத்தக்கை அடித்துப் பாலிஷ் போட்டு மறைத்திருந்தார்கள். மரத்தின் ரேகை ஓரிடத்தில் மட்டும் சின்ன வட்டத்துக்குள் திசை மாறி ஓடினால் அங்கே தக்கை இருக்கிறது, அதற்குக் கீழே திருகாணி இருக்கிறது என்று அர்த்தம். இதைக் கவனிக்காமல், எல்லாம் கழன்றுவிட்டது என்று நினைத்துப் பலகையை இழுத்தால் மரம் பிளக்கும். அந்தத் தக்கையை நடுவில் சிறிய துளை போட்டு, மெல்லிய உளியால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் செதுக்கி எடுக்க வேண்டும். ஓரத்தில் உளியை வைத்து நெம்பினால் சுற்றியிருக்கும் மரம் பெயர்ந்துவிடும்.

ஒரு காந்தத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை மாதிரி மஞ்சளாக இருப்பதெல்லாம் பித்தளை இல்லை, இரும்பின் மேல் பூச்சாகவும் இருக்கும். காந்தம் ஒட்டினால் இரும்பு. இரும்பு என்றால் உள்ளே துரு பிடித்திருக்கலாம். பித்தளை என்றால் துரு இல்லை, ஆனால் முறியும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. காந்த முனையுள்ள திருப்புளி பித்தளைத் திருகாணியைப் பிடித்து வைக்காது. ஆழத்திலிருந்து கழன்று வரும்போது அது நழுவி உள்ளே விழுந்துவிடும். முனையில் கொஞ்சம் தேன்மெழுகை உருட்டி ஒட்டிக்கொண்டால் திருகாணி அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும்.

அடுத்தது சுத்தம் செய்வது. பல வருடத்துப் பாலிஷும் தூசியும் கரப்பான் எச்சமும் சேர்ந்து வெட்டு பாதி மூடியிருந்தது. ஒடிந்த ஹேக்ஸா பிளேடின் நுனியாலும் தடித்த ஊசியாலும் ஒவ்வொரு வெட்டையும் அடிவரை சுரண்டி எடுத்தேன். சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாத இடத்தில் திருப்புளி மேலோட்டமாகத்தான் உட்காரும், கட்டாயம் வழுக்கும். திருகாணித் தலையைச் சுற்றிப் பாலிஷ் ஒட்டியிருந்தால், கூர்மையான கத்தி முனையால் ஒரு சுற்றுக் கோடு போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தலை சுழலும்போது பக்கத்துப் பாலிஷையும் செதிலாக உரித்துக்கொண்டு வரும்.

திருப்புளி வாங்கத் தெய்ஞ்ஜி ஸே பக்கம் போனேன். பழைய ஆட்கள் இன்னும் சூரத்தி பஜார் என்றுதான் சொல்வார்கள். அங்கே இரும்புக் கடையில் இருந்த பாய் நன்றாகத் தமிழ் பேசினார். நான் அலமாரியைப் பற்றிச் சொன்னதும், "பித்தளை ஸ்க்ரூவா? அப்படின்னா ஒரு அரமும் சேர்த்து வாங்கிக்கிங்கம்மா" என்றார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிந்து, நுனியில் மெல்லிசாகவும் மேலே தடிமனாகவும் இருக்கும். அது வெட்டின் மேல் விளிம்பில் மட்டும்தான் உரசும். சுற்றினால் அந்தச் சரிவே திருப்புளியை மேலே தள்ளிவிடும். முனையின் கடைசிப் பகுதியை இரண்டு பக்கமும் அரத்தால் ராவி, மேலும் கீழும் ஒரே தடிமனாக ஆக்க வேண்டும். வெட்டுக்குள் வைத்தால் இறுக்கமாக உட்கார்ந்து, கையை எடுத்தாலும் கொஞ்ச நேரம் நிற்கிற அளவுக்கு. அகலம் திருகாணித் தலையின் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் வெட்டின் நடுவில் மட்டும் சுமை விழும், கூடினால் சுற்றியிருக்கும் மரத்தைக் கீறும். எங்கள் அலமாரியில் இரண்டு அளவுத் திருகாணிகள் இருந்ததால் இரண்டு திருப்புளியை அப்படி ராவிக்கொண்டேன். இந்த வேலையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். நான் வாங்கிய கருவிகள் எல்லாவற்றையும்விட இந்த ராவல்தான் எனக்கு அதிகம் உதவியது.

இடுக்குக்கு என்னென்ன கருவி என்று சொல்கிறேன். நேராக வைக்க இடம் இருக்கிறது, ஆனால் நீளம்தான் இடிக்கிறது என்றால் கட்டை விரல் நீளமே உள்ள குட்டித் திருப்புளி போதும். அதற்கும் இடம் இல்லை என்றால் இரண்டு நுனியும் மடங்கிய கோணல் திருப்புளி வேண்டும். நேர்வெட்டுக்கு உள்ளதில் ஒரு நுனி தண்டுக்கு இணையாகவும் இன்னொரு நுனி தண்டுக்குக் குறுக்காகவும் இருக்கும். ஒரு நுனியால் கொஞ்சம் சுற்றிவிட்டு, புரட்டி மறு நுனியால் கொஞ்சம் சுற்றலாம் என்பதற்குத்தான் அப்படி. மூன்றாவது வழி, மின்சாரத் திருப்புளியில் மாட்டுகிற சின்ன பிட்டு. அதன் பின்பக்கம் ஆறு முகமாக இருக்கும். அந்த அளவு கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். கால் அங்குல ரிங் ஸ்பேனர் அதில் கச்சிதமாகப் பொருந்தும். பிட்டைத் திருகாணியில் வைத்து, பின்னால் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு ஸ்பேனரால் திருப்பலாம். ஒரு சாண் கூட இல்லாத இடத்திலும் இது வேலை செய்தது. ராட்செட் உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, ஒவ்வொரு தடவையும் எடுத்து மாட்ட வேண்டியதில்லை. வளைந்து கொடுக்கிற கம்பித் தண்டு ஒன்றும் கடையில் விற்கிறார்கள். அதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அழுத்தினால் அது வளைந்துவிடும், சுற்றினால் தானே முறுக்கிக்கொள்ளும். ஏற்கெனவே தளர்ந்த திருகாணியை வேகமாக வெளியே எடுக்க மட்டும்தான் உதவும். கோணல் திருப்புளி, பிட்டு, ஸ்பேனர், அரம், குட்டித் திருப்புளி எல்லாம் சேர்ந்து எனக்கு ஐம்பதாயிரம் சட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆனது. வேலையாட்களிடம் இழந்த முன்பணத்தைவிடக் குறைவு.

இனி முக்கியமான இடம். கோணல் திருப்புளியைப் பொருத்திவிட்டாலும், அதை அழுத்திப் பிடிக்கக் கைக்கு வசதி கிடையாது. கை மடங்கிய நிலையில் பலம் வராது. மூலையில் மேல் நோக்கி இருக்கும் திருகாணிக்கு நான் பல விதமாகக் கையை வளைத்துப் பார்த்து, தோள்பட்டை வலியெடுத்து உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எதிரே இருக்கும் பலகையே எனக்கு உதவி செய்யட்டும் என்று தோன்றியது. திருகாணிக்கு நேர் எதிரே என்ன இருக்கிறதோ, அது தட்டுப் பலகையோ பக்கப் பலகையோ, அதன் மேல் நாலாக மடித்த துணியையும் ஒரு தட்டையான பலகைத் துண்டையும் வைக்க வேண்டும். சுமை ஒரே புள்ளியில் விழாமல் பரவத்தான் அந்தத் துண்டு. அதற்கும் திருப்புளியின் முதுகுக்கும் நடுவில், இடைவெளியைவிடக் கொஞ்சம் குறைந்த நீளத்தில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, மிச்ச இடைவெளியில் இரண்டு மெல்லிய ஆப்புகளை எதிரெதிராகச் செருகி, விரலால் தள்ளித் தள்ளி இறுக்க வேண்டும். சுத்தியல் வேண்டாம், பலகை வளைந்துவிடும். இப்போது திருப்புளி வெட்டைவிட்டு வெளியே வரவே முடியாது. இரண்டு கையும் சுற்றுவதற்கு மட்டும் என்று ஆகிவிடுகிறது. முதல் அசைவு கிடைக்கும்வரை இந்த முட்டுக்கொடுத்தல் தேவை. கால் சுற்றுத் திரும்பிவிட்டால் ஆப்பைத் தளர்த்தி, அப்புறம் கையாலேயே எடுத்துவிடலாம். முதல் திருகாணி இப்படி அசைந்தபோது "டக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. முறிந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். பிடிப்பு விட்ட சத்தம் அது. அடுத்த அறையில் இருந்த அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அசையவே மறுத்தவையும் இருந்தன. அவற்றுக்கு முதலில், கழற்றும் திசையில் இல்லாமல் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு திருப்பிப் பாருங்கள். பிடிப்பு விடுவதற்கு எந்தத் திசை என்பது முக்கியமில்லை, அசைவுதான் முக்கியம். பித்தளையில் இதை மிக மெதுவாகச் செய்ய வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், நேராக வைக்க முடிகிற இடங்களில் திருப்புளியை வெட்டில் நிறுத்தி அதன் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டலாம். தட்டுகிற பலகைக்குப் பின்னால் யாராவது கனமான கட்டையை அண்டக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். இதற்கும் மசியாதவற்றுக்குச் சூடு. ரேடியோ ரிப்பேர்காரர்கள் ஈயம் பற்றவைக்கும் கம்பியை, சால்டரிங் அயர்னை, திருகாணித் தலையில் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் வைத்து எடுத்து, முழுக்க ஆறவிட வேண்டும். சூட்டில் திருகாணி விரிந்து சுற்றியிருக்கும் மரநாரை அமுக்கும். ஆறும்போது சுருங்கி, இடையில் நூலிழை இடைவெளி விடும். பழைய பாலிஷும் மெழுகும் பிடித்திருந்தால் அதுவும் இளகும். சூடாக இருக்கும்போதே திருப்ப வேண்டாம். நகரத்தில் கரண்ட் முறைவைத்து வருவதால், கரண்ட் இருக்கும் நேரத்தில் எல்லாவற்றுக்கும் சூடு கொடுத்து வைத்துவிட்டு, போன பிறகு டார்ச் வெளிச்சத்தில் கையால் கழற்றினேன். அது தானாகவே சரியான ஆறுகிற நேரமாக அமைந்தது.

சூடு கொடுக்கும்போது சுற்றியிருக்கும் பாலிஷைக் காப்பாற்ற வேண்டும். பழைய அலமாரிகளில் பெரும்பாலும் அரக்குப் பாலிஷ்தான். அரக்கு கொஞ்சச் சூட்டிலேயே இளகிவிடும். குளிர்பான டின்னை வெட்டி, நடுவில் திருகாணித் தலை அளவுக்கு ஓட்டை போட்டு, அந்தத் தகட்டை மேலே வைத்துவிட்டு வேலை செய்தேன். கருவி வழுக்கினாலும் அந்தத் தகடுதான் அடியை வாங்கும். ஒட்டும் நாடாவை நேரடியாக ஒட்டினால், உரிக்கும்போது பாலிஷும் கூட வரும். நாடா விட்ட பிசினைத் துடைக்க ஸ்பிரிட் தொடவே கூடாது, அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

எண்ணெய் ஊற்றச் சொல்லிப் பலர் சொன்னார்கள். மண்ணெண்ணெய் விடு, தெளிக்கிற எண்ணெய் அடி என்று. இரும்புக்கு இரும்பு இருக்கும் இயந்திரத்தில் அது சரி. மரத்தில் எண்ணெய் திருகாணியின் மரைக்குப் போவதற்கு முன்னால் மரநாருக்குள் ஊறிவிடும். கறுப்பாகக் கறை விழும், அப்புறம் அந்த இடத்தில் பசையும் ஒட்டாது, பாலிஷும் ஏறாது. பீடத்தில் இருந்த சில இரும்புத் திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தபோதுகூட நான் எண்ணெயைத் தொடவில்லை. இரண்டு மூன்று முறை சூடாக்கி ஆறவிட்டதிலேயே அவை வந்துவிட்டன.

தலை தேய்ந்த திருகாணியும் தலை முறிந்த திருகாணியும் மிச்சம் இருந்தன. தேய்ந்ததற்கு, மின்சாரத் திருப்புளி வேண்டாம், டிரில் வேண்டும். திருகாணியின் தண்டுக்குச் சமமான அளவுப் பிட்டை எடுத்து, தலையின் மையத்தில் ஆணியால் ஒரு புள்ளி குத்தி, தலையை மட்டும் துளைத்து எடுத்துவிட வேண்டும். பித்தளை மிருதுவானது என்பதால் இங்கே அதுவே உதவி. இடம் போதாததால் கையால் சுற்றுகிற பழைய டிரில்லை இரவல் வாங்கி, நீளமான பிட்டைப் போட்டுப் பொறுமையாகச் செய்தேன். தலை போனதும் பலகை தண்டின் மேலாக நழுவி வந்துவிடும். வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் தண்டை லாக் பிளையரால் இறுகப் பிடித்துத் திருப்பினால் வந்துவிடுகிறது. முறிந்ததும் அப்படித்தான் வந்தது. வெட்டு தேய்ந்த தலையில் ஹேக்ஸாவால் புது வெட்டுப் போடலாம் என்பார்கள். தலை மரத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் சரி. மரத்துக்குள் பதிந்த தலைக்கு அதைச் செய்தால் இரண்டு பக்கமும் மரத்தையும் சேர்த்து அறுத்துவிடுவீர்கள்.

கழற்றும் வரிசையிலும் கவனம் வேண்டும். ஒவ்வொன்றாக முழுசாக எடுத்துக்கொண்டே போனால், கடைசியில் நிற்கிற இரண்டின் மேல் முழுப் பாரமும் இறங்கி அவை வளையும், அல்லது மரத்தைக் கிழித்துக்கொண்டு வரும். முதலில் எல்லாவற்றையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அப்புறம் பாகத்துக்குக் கீழே முட்டுக்கொடுத்துவிட்டு எடுங்கள். மகுடப் பட்டைக்குக் கீழே நான் இரண்டு ஸ்டூலையும் தலையணைகளையும் அடுக்கி, பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னேன். தனியாக இருக்கிறவர்கள் அந்தக் கட்டத்துக்கு மட்டுமாவது ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எடுத்த திருகாணிகளை டப்பாவில் கொட்ட வேண்டாம். ஒரு அட்டையில் அலமாரியின் படத்தை வரைந்து, எந்தத் திருகாணி எங்கே இருந்ததோ அந்த இடத்தில் குத்தி வைத்தேன். பழைய திருகாணிகள் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் நீளம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். நீளமானது குட்டையான துளைக்குள் போனால் வெளிப்பக்கம் துளைத்துக்கொண்டு வரும்.

புதுப் பலகை அலமாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. அவற்றின் குறுக்குவெட்டில் இரண்டு மாதிரி உண்டு. பெரிய குறுக்குக் கோடுகளுக்கு நடுவில் மெல்லிய கீறல்களும் தெரிந்தால் அது போசிடிரைவ், வெறும் குறுக்கு மட்டும் என்றால் பிலிப்ஸ். ஒன்றின் திருப்புளி இன்னொன்றுக்குப் பொருந்துவது போலத் தெரியும், ஆனால் தேய்த்துவிடும். கீல்களில் பெரும்பாலும் போசிடிரைவ் இரண்டாம் எண்தான்.

புது வீட்டில் திரும்பப் பூட்டும்போது, பழைய துளையில் திருகாணியை வைத்ததும் முடுக்காதீர்கள். முதலில் கழற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் திருகாணி சின்னதாக ஒரு படி இறங்குவது விரலுக்குத் தெரியும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து முடுக்கினால் மரத்தில் புது வழி வெட்டாமல் பழைய வழியிலேயே போகும். மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். துளை தளர்ந்திருந்தால் மூங்கில் குச்சியைச் சீவி, பசை தடவிச் செருகி, காய்ந்தபின் வெட்டிவிட்டு முடுக்கலாம். அப்படி அடைத்த துளைக்குள் பித்தளைத் திருகாணியை முதலிலேயே முடுக்கினால் முறியும். அதே அளவு இரும்புத் திருகாணியைப் போட்டு வழி செய்துவிட்டு, அதை எடுத்துவிட்டுப் பித்தளையைப் போட வேண்டும். முறிந்ததற்கும் தேய்ந்ததற்கும் பதிலாக வேறு பித்தளை தேடினேன். இந்தப் பழைய திருகாணிகள் எண் கணக்கில் வரும். எட்டாம் எண் என்றால் தண்டின் தடிமன் சுமார் 4.2 மில்லிமீட்டர், ஆறாம் எண் என்றால் 3.5. மாதிரிக்கு ஒன்றைக் கையில் கொண்டுபோனால் கடையில் அளந்து தருவார்கள்.

பக்கப் பலகையில் விழுந்த கீறலை நாங்கள் இன்னும் சரி செய்யவில்லை. ஒன்றரை லட்சம் இப்போது இல்லை. அது உள்பக்கம்தான், புடவை அடுக்கினால் மறைந்துவிடும் என்று அத்தை சொல்லிவிட்டார். பெயர்ந்த மரத்துண்டை மட்டும் காகிதத்தில் மடித்து இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஒட்டுவதானால் அந்தத் துண்டைவிட நிறமும் ரேகையும் பொருந்துகிற மரம் கிடைக்காது. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது பெயர்ந்தால் அந்தத் துண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தேதி உங்கள் கையில் இருக்கிறது என்றால், மழைக்காலத்திலும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரத்தில் மரம் உப்பி, பொருத்துகளும் திருகாணிகளும் இறுகிவிடும். புத்த நோன்பு முடிகிற தடிஞ்சூ மாதம் கழிந்து, மழை விட்டு, மரம் நன்றாக உலர்ந்த பிறகு, தை மாசி வாக்கில் தொடங்கினால் பாதிச் சிரமம் குறையும். சாமான் ஏற்றுகிற ஆட்களுக்கும் அப்போது இவ்வளவு அவசரம் இருக்காது.